குஸ் ஹிடிங்க்: கொரியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோனவர் அவரா, நடுவர்களா?

கேள்வி (எழுதியவர்: மேற்கு_மாடம்)

2002 கால்பந்து உலகக் கோப்பையின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்து வருகிறேன். அதற்கு முன் ஐந்து உலகக் கோப்பைகளில் 14 ஆட்டங்கள் ஆடி, நான்கைச் சமன் செய்து, பத்தில் தோற்று, ஒன்றில்கூட வெல்லாத நாடு தென் கொரியா. அந்த அணி நெதர்லாந்துக்காரரான குஸ் ஹிடிங்கின் பொறுப்பில் ஒன்றரை ஆண்டு இருந்தபின் போலந்து, போர்ச்சுகல், இத்தாலி, ஸ்பெயின் ஆகியவற்றைத் தாண்டி அரையிறுதி வரை சென்றது. 1998 இல் மார்சே நகரில் இதே கொரியாவை 5–0 என்று வீழ்த்திய நெதர்லாந்து அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர் என்பது கூடுதல் சுவை.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே என் நண்பர்களில் பாதிப்பேர் நடுவர்கள் கொரியாவுக்குச் சாதகமாக நடந்துகொண்டார்கள் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால் பின்னாளில் ஆஸ்திரேலியாவிலும் ரஷ்யாவிலும் அவர் சாதித்தது எப்படி? அவர்கள் சொல்வது தவறென்றால் துருக்கியிலும், கடைசியில் தம் சொந்த நாட்டிலும் அவர் சறுக்கியது ஏன்? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (எழுதியவர்: மூன்றாம்_தற்காப்பு)

நண்பரே, 2002 ஜூனிலிருந்து பார்க்கத் தொடங்கினால் விடை கிடைக்காது. 2001 ஜனவரியிலிருந்து பாருங்கள். ஹிடிங்க் பொறுப்பேற்ற அந்த ஆண்டில் கொரியா பிரான்சிடம் 0–5 என்றும், ஆகஸ்டில் செக் குடியரசிடம் மறுபடியும் 0–5 என்றும் தோற்றது. கொரியப் பத்திரிகைகள் அவருக்கு ‘ஓ டே யோங்’, அதாவது ‘ஐந்துக்குச் சுழியம்’, என்றே பட்டப்பெயர் சூட்டிவிட்டன. அவரை அனுப்பிவிடுங்கள் என்ற குரல் அன்று வெளிப்படையாகவே எழுந்தது. வலிமையான அணிகளோடு மோதித் தோற்பதே பாடம் என்று அவர் பிடிவாதமாக இருந்தார்.

கொரியர்களிடம் ஓட்டமும் மன உறுதியும் உண்டு, பந்தைக் கையாளும் நுட்பம்தான் குறைவு என்பது அந்நாட்டில் நெடுநாளாக நிலவிய நம்பிக்கை. ஹிடிங்க் இதைத் தலைகீழாகப் பார்த்தார். இரண்டு கால்களாலும் பந்தை உதைக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் ஓர் அணியில் இருப்பது அரிது என்றும், இவர்களிடம் குறைவது 90 நிமிடமும் வேகம் தளராமல் ஆடும் உடல்திறன்தான் என்றும் கருதினார். ஆகவே சக நாட்டவரான ரேமண்ட் வெர்ஹையனை உடற்பயிற்சிக்கென அழைத்துக்கொண்டு, இருபது மீட்டர் இடைவெளியில் ஒலிக்குறிப்புக்கு ஏற்ப ஓடித் திரும்பும் சோதனையை வாடிக்கையாக்கி, ஒவ்வொருவருடைய இதயத்துடிப்பும் எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்பதைக் கணக்கு வைத்தார்கள். ஆட்ட அமைப்பில் அவர் அந்த அளவுக்குப் பிடிவாதம் காட்டவில்லை: நால்வர் தற்காப்பை முயன்று பார்த்தார், அது ஒட்டவில்லை என்றதும் மூவர் தற்காப்புக்கே திரும்பினார்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இளைய ஆட்டக்காரர் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது கொரியாவில் வழக்கமில்லை. ‘ஹியாங்’, அதாவது அண்ணன், என்றுதான் அழைக்க வேண்டும், வினைச்சொல்லிலும் மரியாதை விகுதி வர வேண்டும். சாப்பாட்டு மேசையிலும் வயதுவாரியாகவே அமர்ந்தார்கள். ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் எதிரணிக்காரர் பின்னாலிருந்து பாய்ந்து வரும்போது எச்சரிக்க அரை நொடிதான் இருக்கும். அங்கே விகுதிக்கு இடமில்லை. ஆடுகளத்துக்குள் மரியாதைச் சொற்களை விட்டுவிடச் சொன்னார் ஹிடிங்க். மேசைகளிலும் மூத்தவர்களையும் இளையவர்களையும் கலந்து அமர்த்தினார். அணியின் தூணான ஹோங் மியுங்-போவையே சில மாதங்கள் அணியில் சேர்க்காமல் வைத்திருந்து, யாருடைய இடமும் நிரந்தரமல்ல என்று காட்டினார்.

உலகக் கோப்பைக்கு முந்தைய மே மாத நட்பு ஆட்டங்களையும் பாருங்கள். ஸ்காட்லாந்தை 4–1 என்று வென்று, இங்கிலாந்தோடு 1–1 எனச் சமன் செய்து, அன்றைய உலக வாகையர் பிரான்சிடம் 2–3 என்றுதான் தோற்றார்கள். அந்த மூன்று ஆட்டங்களைப் பற்றி எந்த நடுவர் புகாரும் நான் கேட்டதில்லை.

மறுமொழி 2 (எழுதியவர்: ஆஃப்சைடு_கோடு)

மேலே எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் நடுவர் விஷயத்தை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. டேஜோன் நகரில் இத்தாலியோடு நடந்த ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் டொட்டிக்கு இரண்டாம் மஞ்சள் அட்டை காட்டி வெளியேற்றியதும், டொம்மாசி அடித்த கோலை ஆஃப்சைடு என்று மறுத்ததும் இத்தாலியர்களுக்கு இன்றும் ஆறாத புண்கள். காலிறுதியில் ஸ்பெயினின் மொரியன்டெஸ் தலையால் அடித்த கோல், பந்து முன்பே எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. அது தாண்டவில்லை என்பதை ஒளிப்பதிவைப் பார்க்கும் எவரும் சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் கொரியாவுக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் டேஜோன் ஆட்டத்தைக் கூடுதல் நேரம் வரை இழுத்தவர் நடுவர் அல்லர். 18 ஆம் நிமிடத்தில் வியேரி அடித்த கோலால் இத்தாலி முன்னிலை பெற்றிருந்தது. 63 ஆம் நிமிடத்தில் தற்காப்பு ஆட்டக்காரர் கிம் டே-யங்கை வெளியே எடுத்து முன்கள ஆட்டக்காரர் ஹ்வாங் சுன்-ஹோங்கை இறக்கினார் ஹிடிங்க். ஐந்து நிமிடங்கள் கழித்து நடுக்களத்தில் எதிரணியை மறித்துக்கொண்டிருந்த கிம் நாம்-இல் போய் லீ சுன்-சூ வந்தார். 83 ஆம் நிமிடத்தில் அணித்தலைவர் ஹோங் மியுங்-போவும் வெளியேற, சா டு-ரி உள்ளே வந்தார். இழுத்துப் பூட்டி ஆடுவதில் பேர்போன இத்தாலிக்கு எதிரே, தாக்குபவர்களை மட்டும் அடுக்கி வைத்த ஓர் அணி. 88 ஆம் நிமிடத்தில் சோல் கி-ஹியோன் சமன் செய்தார். 117 ஆம் நிமிடத்தில், முதல் பாதியில் பெனால்டியைத் தவறவிட்ட ஆன் ஜுங்-ஹ்வானே தங்க கோலை, அதாவது கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் கோலை, அடித்தார். இத்தாலி இரண்டாவது கோலை அடித்திருந்தால் மறுநாள் பத்திரிகைகள் ஹிடிங்கை என்ன எழுதியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 3 (எழுதியவர்: நடுக்களத்துக்காரன்)

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து 2006 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளராக இதே ஹிடிங்க் இதே இத்தாலியைக் கைசர்ஸ்லவுட்டர்னில் சந்தித்தார். 50 ஆம் நிமிடத்தில் மட்டெராட்சி வெளியேற்றப்பட்டு இத்தாலி பத்துப் பேரானது, ஆட்டம் 0–0. டேஜோனில் அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்று ஆட்டக்காரர்களையும் துணிந்து இறக்கியவர் இங்கே 81 ஆம் நிமிடம் வரை எவரையும் மாற்றவில்லை; பின்னர் மாற்றியதும் ஒருவரைத்தான். கூடுதல் நேரத்துக்கென்று சேமித்து வைத்தார் போலும். 95 ஆம் நிமிடத்தில் டொட்டி அடித்த பெனால்டியில் எல்லாம் முடிந்தது. அந்தப் பெனால்டி சரியா தவறா என்று ஆஸ்திரேலியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்; எனக்கோ பயன்படாமல் போன அந்த இரண்டு மாற்றங்கள்தான் உறுத்துகின்றன.

மறுமொழி 4 (எழுதியவர்: பழைய_பந்து)

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு யாரும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கொரியாவில் அவருக்குக் கிடைத்தது, தேசிய அணிப் பயிற்சியாளர் எவருக்கும் எளிதில் கிடைக்காத நாட்கள். உள்ளூர் லீக் தன் ஆட்டக்காரர்களை விட்டுக்கொடுத்ததால், 2002 தொடக்கத்திலிருந்தே அமெரிக்கா, ஸ்பெயின் என்று நீண்ட முகாம்களை நடத்த முடிந்தது. ஏறக்குறைய ஒரு கிளப் அணியைப்போலவே அந்த அணியை வளர்த்தார். 1988 இல் பிஎஸ்வி ஐந்தோவன் என்ற நெதர்லாந்து கிளப்பை, ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வெல்லச் செய்தவருக்கு அந்த வேலை கைவந்த கலை. 2010 இல் அவர் ஏற்ற துருக்கி அணிக்கு அப்படிப்பட்ட முகாம்கள் இல்லை. ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2012 போட்டியின் தகுதிச்சுற்றின் கடைசிப் படியில் குரோவேஷியாவிடம் இஸ்தான்புல்லிலேயே 0–3 என்று தோற்று, மறு ஆட்டத்தில் 0–0 எடுத்து விலகினார்.

நெதர்லாந்தின் கதை வேறு. 2014 இல் அவர் பொறுப்பேற்றது உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்துத் திரும்பியிருந்த அணியை. ‘ஐயா, எங்களிடம் என்ன குறை?’ என்று கேட்கும் நிலையில் இருந்த கொரியர்கள் எங்கே, தங்களிடம் குறையே இல்லை என்று நம்பிய இவர்கள் எங்கே. செக் குடியரசிடமும் ஐஸ்லாந்திடமும் தோற்றபின் 2015 ஜூன் இறுதியில் அவர் பதவி விலகினார்.

ரஷ்யாவிலும் அவருக்கு இரண்டு முகங்கள்: 2008 இல் பாசெலில் தம் தாய்நாட்டையே 3–1 என்று வென்று யூரோ அரையிறுதிக்குப் போனார், 2009 நவம்பரில் ஸ்லோவேனியாவிடம், மொத்த கோல்கள் சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணியே வென்றதாகக் கொள்ளும் விதிப்படி, உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தார்.

கேள்வியாளர் (மேற்கு_மாடம்)

மூவர் மாற்றத்தைக் கவனித்துக்கொண்டு டேஜோன் ஆட்டத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். ஹோங் வெளியேறும் அந்த நிமிடத்தில் எனக்கே நெஞ்சு படபடத்தது, முடிவு தெரிந்திருந்தும். அடுத்து 2005 நவம்பர் 16 அன்று சிட்னியில் உருகுவேயை ஆஸ்திரேலியா பெனால்டியில் வென்று 2006 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்ற ஆட்டத்தைப் பார்க்கப்போகிறேன். அதிலும் அரைமணி நேரம் முடிந்த கையோடு தற்காப்பு ஆட்டக்காரர் பொப்போவிச்சை எடுத்துவிட்டு ஹாரி கியூவெல்லை இறக்கினாராமே?