கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள்: சனிக்கிழமை வகுப்பில் என்னதான் கொடுப்பது?

பாயான் லெப்பாஸ் இஞ்சினியர் கேட்கிறார்:

வணக்கம். நான் ஆசிரியர் இல்லை, தொழிற்சாலையில் டெஸ்ட் இஞ்சினியர். சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கோயிலின் மாடி அறையில் படிவம் 1 முதல் 3 வரை (13 முதல் 15 வயது) படிக்கும் 11 பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கட்டணம் இல்லை. எல்லாரும் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள், கணக்கில் கெட்டி. பள்ளியில் கிடைக்காத ஒன்றை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் தொடங்கினேன்.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வழி அடுத்த படிவத்துப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவது. படிவம் 2 பையன் ஒருவன் ஆறே மாதத்தில் படிவம் 4 இருபடிச் சமன்பாட்டை முடித்துவிட்டான். சூத்திரம் தூக்கத்திலும் வரும். போன வாரம், "தம்பி, இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது?" என்றேன். "சார், அதெல்லாம் எக்ஸாம்ல வராது" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. அவனை அப்படிப் பழக்கியதே நான்தான்.

இன்னொருத்தி படிவம் 1. தாளில் பாதியைத்தான் முடிப்பாள். ஆனால் "ஏன்" என்று கேட்பவள் அவள் ஒருத்திதான். இவளை வைத்துக்கொள்வதா, மெதுவான வகுப்புக்கு அனுப்புவதா? பள்ளி மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆள் எடுத்தேன், எல்லாருமே 95க்கு மேல். கீழே காத்திருக்கும் பெற்றோர் வேறு, "பழைய கேள்வித்தாள் எப்ப சார் செய்வீங்க?" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் டீச்சர் (ஓய்வு) எழுதுகிறார்:

தம்பி, முதலில் அந்தப் பெண்ணை எங்கும் அனுப்பாதீர்கள்.

31 வருடம் இடைநிலைப் பள்ளியில் கூடுதல் கணிதம் எடுத்தவள் நான். நீங்கள் செய்கிற தப்பைப் பத்து வருடம் செய்தேன். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். அவன் படிவம் 4க்கு வரும்போது வகுப்பில் அவனுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அப்புறம் ஒரு நாள் கணிதக் கழகத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் போய் நின்றேன். தீபாவளிக்கு முந்தைய வாரம். சரி என்று பலகையில் புள்ளி வைத்தேன், 2 வரிசை, வரிசைக்கு 3. சிக்குக் கோலம். இழை சாய்வாகவே போக வேண்டும், ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பலாம். எத்தனை இழை வருகிறது என்று கேட்டேன். ஒன்று. 3க்கு 3 போட்டால் மூன்று. 3க்கு 4 மறுபடியும் ஒன்று. 4க்கு 6 இரண்டு. ஒவ்வொரு இழைக்கும் ஒரு கலர் பென்சில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது!

அரை மணி நேரத்தில் ஒருத்தன், "டீச்சர், எஃப்எஸ்டிபி!" என்றான். படிவம் 1இல் படிக்கிற அதே மீப்பெரு பொதுக் காரணிதான்: இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண். இழை எண்ணிக்கை அதுவேதான். மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள், விடை வந்துவிட்டது அல்லவா. "ஏன்?" என்றேன். மூன்று வாரம் ஓடியது.

கடைசியில் கண்டுபிடித்தவள் உங்கள் பெண் மாதிரி மெதுவான ஒருத்தி. 4க்கு 6இல் ஒரு பக்கமாக 4க்கு 4 சதுரத்தைக் கையால் மறைத்தாள். சதுரத்துக்குள் நுழையும் இழை உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு, நுழைந்த இடத்துக்கே வந்துவிடுகிறது. அந்த இடத்தில் சுவர் இருந்து திரும்பியது போலத்தான். அப்படியானால் சதுரத்தையே வெட்டிவிடலாம், இழை எண்ணிக்கை மாறாது. மிச்சம் 4க்கு 2. அதிலும் ஒரு சதுரத்தை வெட்டினால் 2க்கு 2. இரண்டு இழை. மீப்பெரு பொதுக் காரணி காண இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் எழுதி வைத்த முறையை அந்தப் பிள்ளை கோலத்தில் கண்டுபிடித்துவிட்டது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக.

பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை பாருங்கள்.

கோம்பாக் பழைய மாணவன் எழுதுகிறார்:

அண்ணே, டீச்சர் சொன்னதற்கு மேல் ஆள் எடுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லாரும் 95 எடுக்கும் தாள் யாரையும் பிரித்துக் காட்டாது. 1972இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி, கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் சாட் கணிதத் தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அந்த உயரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. பின்னால் இங்கே பாங்கியில் யூகேஎம் பல்கலைக்கழகம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக நடத்திய பெர்மாத்தா பிந்தார் திட்டமும் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸோடு சேர்ந்துதான் தொடங்கியது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரே ஒரு கணக்கு கொடுங்கள், 40 நிமிடம் விடுங்கள். விடையைப் பார்க்காதீர்கள், 25ஆவது நிமிடத்தில் யார் இன்னும் தாளோடு மல்லுக்கட்டுகிறார் என்று பாருங்கள்.

உலகக் கணித ஒலிம்பியாட் போட்டியில் ஒரு நாளுக்கு மூன்றே கணக்கு, நாலரை மணி நேரம். அப்படி இரண்டு நாள். 1995 முதல் மலேசியா போகிறது. நான் அந்த அளவுக்கெல்லாம் போனவன் இல்லை, ஓஎம்கே என்கிற தேசியக் கணித ஒலிம்பியாட்டோடு சரி. ஆனால் முதல் பயிற்சி முகாமில் ஒரு கணக்கோடு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தபோது எனக்கு அழுகையே வந்தது. பள்ளியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்தக் கணக்கும் என்னைத் தடுத்ததில்லை.

இன்னொன்று, தீர்வை முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். ஹங்கேரியில் 1894இலிருந்து ஒரு மாத இதழ் இதையே செய்கிறது: கணக்கு அச்சில் வரும், பிள்ளைகள் தீர்வு எழுதி அனுப்புவார்கள். உங்களுக்கு வாட்ஸ்அப் போதும். தமிழோ மலாயோ ஆங்கிலமோ, எதில் வேண்டுமானாலும் எழுதட்டும்.

ஆயர் ஈத்தாம் அம்மா எழுதுகிறார்:

சார், கொஞ்சம் எங்கள் பக்கமும் பாருங்கள். என் மகன் பள்ளிப் பாடத்தில் சலித்து, வகுப்பில் சேட்டை செய்து பெயர் கெட்டவன். மேல் படிவப் பாடத்தைக் கொடுத்த பிறகுதான் அடங்கினான். அதனால் முன்னால் ஓடுவதே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம் படிவம் 5 எஸ்பிஎம் தேர்வில் ஏ வாங்குவது எங்களுக்குச் சாதாரண விஷயமா? அதை வைத்துத்தானே மெட்ரிகுலேஷன், உபகாரச் சம்பளம் எல்லாம். கோலமும் போடுங்கள், கடைசி அரை மணி நேரம் பழைய தாளும் செய்யுங்கள். பெற்றோரையும் மேலே கூப்பிடுங்கள் சார். கீழே சும்மா உட்கார்ந்திருந்தால் வேறு என்ன கேட்போம்?

பாயான் லெப்பாஸ் இஞ்சினியர் (மூன்று வாரம் கழித்து):

டீச்சர், தம்பி, அக்கா, மூவருக்கும் நன்றி. கோலத்தையே எடுத்தேன். முதல் வாரம் சுமாராகத்தான் போனது. இரண்டாவது வாரம் நான்கு பேர் வரவில்லை, வேறு டியூஷனாம். கடைசி அரை மணி நேரம் பழைய தாள் உண்டு என்று சொன்னதும் இரண்டு பேர் திரும்பினார்கள்.

சூத்திரப் பையன் எட்டு நிமிடத்தில் எஃப்எஸ்டிபி என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தான். அன்றைக்கு அவன் அம்மா மேலே வந்திருந்தார். பலகையில் 5க்கு 5 போட்டு ஐந்து இழை என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா இதை ஒரே இழையில போடுவாங்களே" என்றார். சுண்ணக்கட்டியை வாங்கி, நடுவில் சில இடங்களில் இழைகள் ஒன்றையொன்று வெட்டாமல் வளைந்து விலகிப் போகும்படி மாற்றினார். உண்மையாகவே ஒரே இழை. பையன் எழுந்து பலகைப் பக்கம் வந்தான். "எத்தனை இடம் மாத்துனீங்கம்மா?" அவருக்குத் தெரியவில்லை, கை போன போக்கில் போட்டாராம்.

நேற்று இரவு 11 மணிக்கு அவனிடமிருந்து செய்தி: "சார் 5க்கு 5ல 4 இடம் மாத்துனா போதும். 3ல முடியல. ஏன்னு இன்னும் தெரில, சொல்லிடாதீங்க."