நல்ல நகத்திலயும் பங்கசு முளைக்குது: இது நோயா, தூசியா?

வயல்கரை (சம்மாந்துறை):
வயல் வேலை செய்யிறவங்கட கால் பெருவிரல் நகங்கள ஒப்பிடுறோம். 12 நல்ல நகம், 12 தடிச்சு மஞ்சளாகி நொறுங்கின நகம். நுனியை வெட்டி, வெட்டின துண்டை 70% அல்ககோலால துடைச்சு, குளோரம்பெனிக்கோல் (பற்றீரியாவைத் தடுக்கிற மருந்து) கலந்த, பங்கசு வளர்க்கிற சபுரோ ஊடகத்தில 28 பாகையில 10 நாள் விட்டது. ரெண்டு பக்கமும் ஒரே சரக்கு: அஸ்பெர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம் என்ற தூசிப் பங்கசுகள். நல்ல நகமும் பழுதா, செய்முறை பிழையா?

ஆய்வுகூடக்காரன் (கல்லடி):
செய்முறைதான். நோய் பெரும்பாலும் நுனிக்கு அடியால நுழைஞ்சு பின்பக்கம் நகரும். உயிருள்ள பங்கசு இழை இருக்கிறது நல்ல பகுதியும் பழுதும் முட்டுற எல்லையில. நுனியில செத்த இழையும், சேத்தில இருந்து ஒட்டின பங்கசு வித்தியும்தான் மிச்சம்.

துடைக்கிறது வெட்ட முன்னம். பிறகு தளர்ந்த நகத்தை முடிஞ்ச அளவு பின்னுக்கு வெட்டி எறிஞ்சிட்டு, அடியில இருக்கிற மாவைச் சுரண்டுங்க. முதல் சுரண்டலையும் எறியணும். கறுப்புக் கடதாசியில மடிச்சு வையுங்க. பிளாஸ்டிக் குப்பியில ஈரம் நின்று பற்றீரியா ஏறும், மாரியில கேட்கவே வேணாம்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ரெண்டு தட்டு. ஒன்றில குளோரம்பெனிக்கோல் மட்டும், மற்றதில லீற்றருக்கு 0.5 கிராம் சைக்ளோஹெக்சிமைட்டும் (தூசிப் பங்கசை அடக்கிற மருந்து; நஞ்சு, கையுறை போடுங்க). அது இல்லாட்டி அஸ்பெர்ஜில்லஸ் சில நாளில தட்டை மூடிரும். நக நோய்க்கு வழக்கமான காரணமான ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற பங்கசு 2, 3 கிழமையிலதான் தலைகாட்டும். 4 கிழமைக்கு முன்னம் "வளரல்ல" என்று எழுதாதீங்க.

கண்ணாடித்துண்டு (அக்கரைப்பற்று):
தட்டுக்கு முன்னம் நுணுக்குக்காட்டி. சுரண்டலை 20% பொட்டாசியம் ஐதரொட்சைட்டில ஊற விடுங்க. தோலுக்கு அரை மணித்தியாலம் போதும், தடிச்ச நகத்துக்கு ஒரு ராத்திரி வேணும். அவசரப்பட்டுக் கொதிக்க வைச்சா பளிங்குதான் மிஞ்சும். நகக் கலங்களின் விளிம்பும் இழை மாதிரியே ஏமாத்தும்: விளிம்பு கலத்தைச் சுற்றித்தான் போகும், உண்மையான இழை ஒரே தடிப்பில, குறுக்குச்சுவரோட, கலங்களை ஊடறுத்துப் போகும். இழை தெரியாம தட்டில மட்டும் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸைத் தூசி என்றே எடுங்க.

வயல்கரை:
சைக்ளோஹெக்சிமைட் இல்லாத தட்டில மட்டும் சாம்பல் கறுப்பா மூடி வரைக்கும் எழும்பினா? டீ.என்.ஏ. பார்த்தா குழப்பம் தீருமா?

ஆய்வுகூடக்காரன் (கல்லடி):
அதை எறிஞ்சிராதீங்க தம்பி. நியோசைட்டாலிடியம் டிமிடியேட்டம் என்ற பங்கசா இருக்கலாம். வெப்பநாட்டு மண்ணிலயும் மரத்திலயும் வாழுறது, நகத்தையும் கெடுக்கும், சைக்ளோஹெக்சிமைட்டில வளராது. அதே நகத்தில இன்னொரு நாள் திரும்ப எடுங்க. ரெண்டு முறையும் இழை தெரிஞ்சு, ரெண்டு முறையும் அதுவே வளர்ந்தாத்தான் குற்றவாளி. டாக்டர்மாருக்கு இந்தப் பேர் முக்கியம்: ரூப்ரத்துக்குக் கொடுக்கிற டேர்பினாபின் குளிசை (நாளுக்கு 250 மில்லிகிராம், 12 கிழமை) இதுக்குச் சரியா வேலை செய்யாது.

கண்ணாடித்துண்டு (அக்கரைப்பற்று):
டீ.என்.ஏ. குழப்பத்தைக் கூட்டும். 2013 இல வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில சுகதேகிகளின் கால் நகத்திலயே சுமார் 40 பங்கசுச் சாதி கிடைச்சது. செத்த வித்தியும் கணக்கில வரும். ஆகவே "இருக்கா" என்று கேட்காம, "எது கூடுதலாப் பரவியிருக்கு" என்று பாருங்க. டீ.என்.ஏ. எடுக்கிறதெண்டா, பங்கசின்ட கடினமான கைற்றின் சுவர் உடையிறதுக்குக் குழாயில சின்னச் சின்ன மணிகளைப் போட்டுக் குலுக்கணும். நகம் போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கடைசிவரை கொண்டு போங்க. அதில வர்றதெல்லாம் உங்கட இரசாயனத்தின் அழுக்கு. நல்ல நகக்காரரிட விரலிடுக்கையும் பாருங்க. சேத்துப்புண் இருந்தா அந்த ஆளை "நல்ல" பக்கத்தில வைக்க ஏலாது.