18 ஆகிவிட்டது, கல்லூரியில் எனக்காக நானே பேசுவது எப்படி?

கேள்வி:
எனக்கு மூளை முடக்குவாதம், 60% ஊனச் சான்று உண்டு. நடை, எழுத்து, பேச்சு மூன்றும் மெதுவாகத்தான் வரும். பள்ளியில் எல்லாம் அப்பாதான் பேசுவார். இப்போது சென்னையில் பி.காம். சேர்கிறேன். துறைத் தலைவரிடம் என்ன கேட்பது? 18 முடிந்தால் கார்டியன் பேப்பர் (எனக்காக முடிவெடுக்கச் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கும் ஆவணம்) எடுத்தே ஆகவேண்டும் என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?

பதில் 1:
தம்பி, மருத்துவப் பெயரோடு நிறுத்தாதீர்கள். அதை வைத்து உங்களுக்கு என்ன தேவை என்று துறைத் தலைவருக்குத் தெரியாது. எந்த வேலையில் தடை, அதற்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்: "பலகையில் இருப்பதை வகுப்பு முடிவதற்குள் எழுதி முடிக்க முடியாது, போனில் படம் எடுக்க அனுமதி வேண்டும்." "வகுப்பு இரண்டாம் மாடியில் இருக்கிறது. தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும்." "கருணை கூர்ந்து" என்று எழுதினால் கருணையாகவே எடுத்துக்கொள்வார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி என்று குறிப்பிடுங்கள். யூடிஐடி அட்டை (மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகலை இணைத்து, இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த பருவத்தில் ஆள் மாறியதும் எல்லாம் முதலிலிருந்து.

தேர்வுக்குத் தனி மனு. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்று இருந்தது. 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள மூளை முடக்குவாதத்துக்குக் கேட்டாலே ஸ்கிரைப் (நீங்கள் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) தரவேண்டும் என்றும் அதில் இருந்தது. 2025-இல் புதிய வழிகாட்டுதல் வந்துவிட்டது, அதைப் பார்த்து மனு எழுதுங்கள். ஸ்கிரைபை நீங்களே அழைத்து வரலாமா, அவர் எவ்வளவு படித்தவராக இருக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. இதைக் கவனிக்காமல்தான் பலர் தேர்வு நாள் காலையில் தவிக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2:
கார்டியன், அதாவது காப்பாளர், கட்டாயமே இல்லை. 18 முடிந்தால் கையெழுத்து உங்களுடையது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் காப்பாளர் தேவையா, எதற்கு என்று குழுவே பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்வதும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் பொறுப்புதான்: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, உங்கள் விருப்பப்படி. பேச்சு மெதுவாக வருவது அதற்குக் காரணமே ஆகாது. உறவினர் சொன்னார்கள் என்று எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பதில் 3:
மனு சரி, நேரில் பேசும்போதுதான் சிக்கல். அப்பா கூட வந்தால் கேள்வியெல்லாம் அவரிடமே போகும். அவர் வெளியே இருக்கட்டும், அல்லது "என் பையனிடமே கேளுங்கள்" என்று மட்டும் சொல்லட்டும். உள்ளே போனதும் முதலில் இதைச் சொல்லுங்கள்: "என் பேச்சு மெதுவாக வரும். முடிக்கும்வரை பொறுங்கள். புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள், நீங்களாக முடித்து வைக்காதீர்கள்." பதற்றத்தில் குரல் இறுகினால் காட்ட, இதையே போனில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புத் தோழர்களுக்குச் சான்று, சதவீதம் எதுவும் காட்டத் தேவையில்லை. அது அலுவலகத்துக்கு மட்டும். உங்களைப் பற்றி எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு.