மறுமொழி: ஐகனோகிளாசம் – "சிலை உடைப்பு" பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

பைசாந்தியப் பேரரசு, அதாவது கிழக்கு ரோமப் பேரரசு பற்றிய கட்டுரைக்காக ஐகனோகிளாசம் என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி நான்கு நாளாக அலசிக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்துவையும் புனிதர்களையும் படமாக்கி வணங்கலாமா என்று அங்கே எழுந்த சண்டையில், கூடாது என்று படங்களை மறுத்ததும் அழித்ததும்தான் அந்தச் சொல்லின் பொருள். இழையைத் தொடங்கிய ஐயா கடைசியாக எழுதியது இது:

> சிலை உடைப்பு என்றே வைத்துவிடலாமே. படித்தவுடன் புரியும், சொல்லவும் எளிது.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். அதுதான் என் கவலை.

முதலில் சிலை. நமக்குச் சிலை என்றதும் கல்லும் செம்பும்தான் கண்முன் வரும். பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) சண்டை அதைப் பற்றியது அல்ல. அங்கே வழிபாட்டில் இருந்தவை பெரும்பாலும் தட்டையான படங்கள். மரப்பலகையில் தீட்டுவார்கள், சுவரில் தீட்டுவார்கள், சிறு நிறக்கற்களைப் பதித்தும் அமைப்பார்கள். சினாய் மலையடியில் உள்ள புனித கத்தரீனாள் மடத்தில் 6ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்து படம் ஒன்று இன்றும் இருக்கிறது. உருக்கிய மெழுகில் நிறம் குழைத்துப் பலகையில் தீட்டியது. அதைச் சிலை என்று யாரும் சொல்ல மாட்டோம். நம் கத்தோலிக்கர்கள் சொரூபம் என்பதும் சிலையைத்தான். அதனால் யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன "சொரூப மறுப்பு"க்கும் இதே தடைதான்.

அடுத்தது உடைப்பு. இங்கே ஒரு ஓவியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குலூதோவ் சங்கீத ஏடு என்று, விவிலியத்தின் சங்கீதம் என்னும் பாடல்கள் அடங்கிய 9ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்று மாஸ்கோவில் இருக்கிறது. தாகத்துக்குக் காடி கொடுத்தார்கள் என்று வரும் சங்கீதத்தின் ஓரத்தில், சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவை நோக்கி ஒருவன் காடியில் தோய்த்த கடற்பஞ்சைக் கோலில் மாட்டி நீட்டுகிறான். அதற்குக் கீழேயே இன்னொரு காட்சி. வட்டமான கிறிஸ்து படம் ஒன்று, அதன்மேல் இருவர் அதே போலக் கோலில் கட்டிய பஞ்சால் சுண்ணாம்பு பூசுகிறார்கள். காலடியில் சுண்ணாம்புப் பானை. கிறிஸ்துவைக் கொன்றவர்களும் இவர்களும் ஒன்றே என்று வரைந்தவர் சொல்லிவிட்டார். படங்களை மறுத்தவர்கள்மேல் அத்தனை கோபம் கொண்டவர்கூட அவர்களைச் சுத்தியலோடு வரையவில்லை, சுண்ணாம்போடுதான் வரைந்தார். எரித்ததும் சுரண்டியதும் நடந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பூசி மறைத்ததும், எடுத்துவிட்டு வேறொன்றை வைத்ததும் உண்டு. 740இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பின் புதுப்பித்த ஹகியா ஐரீன் தேவாலயத்தில், தங்கப் பின்னணியில் ஒரு பெரிய சிலுவை மட்டும் பதித்திருக்கிறார்கள். ஆளுருவம் எதுவும் இல்லை. இன்றும் இஸ்தான்புல் போனால் பார்க்கலாம். உடைப்பு என்ற சொல்லில் இந்தச் சிலுவை அடங்காது.

சரி, அந்த மக்கள் இதை என்னவென்று அழைத்தார்கள்? இகோனோமாகியா என்றார்கள். இகோன் என்றால் உருவம், மாக்கி என்றால் போர். உருவங்களைப் பற்றிய போர். "உருவம் உடைப்பவர்" என்ற சொல்லும் கிரேக்கத்தில் இருந்தது. அது எதிர்த்தரப்பு வைத்த வசைச்சொல். 843இல் பேரரசி தியோடோரா காலத்தில் படங்களை வணங்கியவர்கள் வென்றார்கள், தோற்றவர்களின் எழுத்து ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. 754இல் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் ஹியேரியா அரண்மனையில் 338 ஆயர்களைக் கூட்டிப் படங்களைத் தடை செய்தார். அந்தச் சங்கத்தின், அதாவது ஆயர்கள் பேரவையின் தீர்மானம் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், 787இல் நைசியாவில் கூடிய சங்கம் அதை வரிவரியாக மேற்கோள் காட்டி மறுத்ததுதான். கிறிஸ்துவை வரைந்தால் அவருடைய மனித இயல்பை இறை இயல்பிலிருந்து பிரிக்கிறாய், இல்லையென்றால் இரண்டையும் குழப்புகிறாய், ஆகவே நற்கருணை அப்பம் ஒன்றே அவருடைய மெய்யான உருவம் என்று அதில் வாதிட்டிருக்கிறார்கள். இது தேர்ந்த இறையியல் வாதம். இதை எழுதியவர்களுக்கு "உடைப்பவர்கள்" என்று பெயர் வைத்தால் வென்ற தரப்பின் வாயால் நாம் பேசுகிறோம் என்று ஆகும். ஏற்கெனவே பைசாந்தியர் என்ற பெயரே அவர்கள் வைத்துக்கொண்டது அல்ல, தங்களை ரோமர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். இந்த ஒரு சொல்லையாவது அவர்களிடமிருந்தே எடுப்போம்.

ஆகவே போர் என்ற பொருள் உள்ள தமிழ்ச்சொல் வேண்டும். பூசல் என்பது என் முன்மொழிவு. பழைய இலக்கியத்தில் அது போரையும் ஆரவாரத்தையும் குறிக்கும், இன்று வீட்டுச் சண்டையையும் கட்சிச் சண்டையையும் குறிக்கும். வாதம், சங்கம், நாடுகடத்தல், சித்திரவதை எல்லாம் கலந்து நூறாண்டுக்கு மேல் இழுத்த ஒன்றுக்கு அந்த அகலம் தேவை. படங்களை மறுத்த தியோபிலஸ் பேரரசர், படங்களை ஆதரித்த இரண்டு துறவிகளின் முகத்தில் பழிச்செய்யுளைப் பச்சை குத்தவைத்தார். லாசரஸ் என்ற ஓவியரின் கைகளைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். இதற்கு "விவாதம்" என்று ஒரு அன்பர் முன்மொழிந்த சொல் போதாது.

இகோனுக்கு என்ன வைப்பது? படிமம் என்றால் கவிதை வாசகர் ஒன்றை நினைப்பார், செப்புத் திருமேனி ஆய்வாளர் வேறொன்றை நினைப்பார். படவுரு நல்ல சொல், ஆனால் கணினித் திரையில் நாம் சொடுக்கும் சின்னத்துக்கு அது போய்விட்டது. திருவுருவப்படம் என்றால் மாலை போட்ட தலைவர் படம் நினைவுக்கு வரும் என்று நாகர்கோவில் அக்கா தயங்கியிருந்தார். அக்கா, எனக்கு அதுவே அந்தச் சொல்லின் பலமாகப் படுகிறது. பைசாந்தியத்திலும் பேரரசரின் படத்துக்கு மரியாதை செய்வது வழக்கம். உருவத்துக்குச் செய்யும் மரியாதை மூலத்தைச் சேர்கிறது என்று செசரியாவின் ஆயர் பசிலியார் 4ஆம் நூற்றாண்டில் எழுதியபோது, அவர் காட்டிய உவமையே அரசரின் படம்தான். படங்களுக்காக வாதிட்டவர்கள் கடைசிவரை அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே திருவுருவப்படத்தைச் சுருக்கித் திருப்படம் என்போம். 726 வாக்கில் பேரரசர் மூன்றாம் லியோ காலத்தில் தொடங்கி 843இல் முடிந்த அந்தக் காலம் முழுதும் திருப்படப் பூசல். கொள்கையைச் சொல்லும்போது திருப்பட மறுப்பு, செயலைச் சொல்லும்போது திருப்பட அழிப்பு. ஆங்கிலம் ஒரே சொல்லில் மூன்றையும் அடைக்கிறது என்பதற்காக நாமும் அடைக்க வேண்டியதில்லை.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, இந்த வரலாற்றிலேயே ஒரு மொழிபெயர்ப்பு செய்த சேதத்தைக் கேளுங்கள். 787 சங்கம் இரண்டு கிரேக்கச் சொற்களைக் கவனமாகப் பிரித்தது. லத்ரேயா (ஆராதனை) கடவுளுக்கு மட்டும், ப்ரோஸ்கினேசிஸ் (வணக்கம்) படங்களுக்கும் உண்டு. இந்த நடவடிக்கைக் குறிப்புகளை ரோமில் லத்தீனாக்கியவர் இரண்டாவதற்கு ஆராதனை என்று பொருள்படும் சொல்லைப் போட்டுவிட்டார். போதாததற்கு, மும்மைக் கடவுளுக்கு மட்டுமே ஆராதனை என்று சொன்ன சைப்ரஸ் ஆயர் ஒருவர், படங்களுக்கும் அதே ஆராதனை என்று சொன்னதாகத் தலைகீழாக மாறிவிட்டது. அதைப் படித்த, மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பிராங்க் அரசர் சார்லமேனின் அவை அதிர்ந்துபோய் ஒரு மறுப்பு நூலையே எழுதியது. 794இல் பிராங்க்ஃபர்ட் சங்கம் கண்டித்தது. கிரேக்கர் சொல்லாத ஒன்றைக் கண்டித்தது! 873இல் அனஸ்தாசியஸ் என்ற ரோமானிய அறிஞர் மீண்டும் மொழிபெயர்த்தபோது, முன்னவர் இரண்டு மொழிகளின் இயல்பையும் விட்டுவிட்டுச் சொல்லுக்குச் சொல் வைத்துப் போனார் என்று குறைப்பட்டுக்கொண்டார். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆராதனை கடவுளுக்கு, வணக்கம் புனிதருக்கு என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். கட்டுரையில் "வழிபாடு" என்ற பொதுச்சொல் வரும் இடங்களை மட்டும் யாராவது ஒருமுறை பார்த்து, எது ஆராதனை, எது வணக்கம் என்று பிரித்துவிட வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன மகிழ்ச்சியையும் பகிர்ந்துகொள்கிறேன். கிரேக்கத்தில் கிராபெய்ன் என்ற வினை எழுதுவதையும் குறிக்கும், வரைவதையும் குறிக்கும். நம் எழுதுதலும் அப்படியே. பரிபாடல் திருப்பரங்குன்றத்து ஓவியக் கூடத்தை எழுத்துநிலை மண்டபம் என்கிறது. ஆகவே கட்டுரையில் "திருப்படம் எழுதினார்" என்றே போடலாம். இரண்டு மொழியிலும் அது இயல்பான பேச்சு.

தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது. பசிலியாரின் வரியில் வரும் ப்ரோட்டோடைப், அதாவது படத்தில் இருப்பவர். மூலவர் என்று வைக்க முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் நம் கோயில்களில் மூலவர் என்பதே கருவறையில் இருக்கும் திருவுருவம். படத்துக்கு அப்பால் இருப்பவரைக் குறிக்க அந்தச் சொல்லை எடுத்தால் எல்லாம் குழம்பிவிடும். இப்போதைக்கு மூலம் என்று வைத்திருக்கிறேன். ஆளைக் குறிக்கும் சொல்லாக அது இல்லாதது உறுத்துகிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்