டர்பனில் ஒரு தபாஸ் இரவுணவு: குறை உணவகத்திலா, எங்கள் எதிர்பார்ப்பிலா?

கடலோரத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மனைவியின் பிறந்தநாளுக்காகச் சென்ற சனிக்கிழமை இரவு, டர்பனுக்கு வடக்கே கடற்கரையோரம் உள்ள ஒரு ஸ்பானிய தபாஸ் உணவகத்துக்கு ஆறு பேராகப் போயிருந்தோம். அதன் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. சிறு தட்டுகளில் பல வகைகளை வரவழைத்துப் பகிர்ந்து உண்பதுதான் தபாஸ் என்று தெரிந்தே போனோம். ஆகவே அளவு குறைவு என்பது என் புகார் அன்று.

கேட்ட பதினான்கு தட்டுகளும் ஒரே நேரத்தில் வந்து மேசையை நிறைத்துவிட்டதால், முதலிரண்டைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மற்றவை ஆறிப்போயின. பூண்டு இறால் என்று வந்த தட்டில் இறால்கள் வெளுத்த நீரில் கிடந்தன. எண்ணெய் மேலே தனியாக மிதந்தது. பத்தாத்தாஸ் பிராவாஸ் (சிவப்புச் சாறு ஊற்றிய பொரித்த உருளைக்கிழங்கு) என்பது, கடையில் வாங்கிய தக்காளி சாஸும் மயோனைஸும் ஊற்றிய சிப்ஸாகவே இருந்தது. எல்லாவற்றையும்விட மனத்தை வருத்தியது குரோக்கெட்டா என்னும் பொரித்த உருண்டைதான். எங்கள் அத்தை புரட்டாசி விரதத்தில் இருப்பதால், இறைச்சி சேராதவை எவை என்று முன்னதாகவே கேட்டோம். 'குரோக்கெட்டா வெறும் உருளைக்கிழங்குதான்' என்று பரிமாறியவர் உறுதியாகச் சொன்னார். அத்தை ஒன்றைப் பிட்டபோது உள்ளே இளஞ்சிவப்பாகப் பன்றி இறைச்சித் துணுக்குகள் தெரிந்தன. நல்லவேளையாக அவர் வாயில் வைக்கவில்லை. அதன்பின் ரொட்டியைத் தவிர வேறெதையும் தொடவுமில்லை.

பில் 2,520 ராண்ட். அதன்மேல் 12 விழுக்காடு சேவைக் கட்டணம் என்று 302 ராண்ட் 40 சென்ட் சேர்த்திருந்தார்கள். எட்டுப் பேருக்கு மேற்பட்ட குழுக்களுக்கே அந்தக் கட்டணம் என்று மெனுவின் அடியில் தெளிவாக அச்சிட்டிருந்தது. நல்ல நாளில் சச்சரவு வேண்டாமென்று கட்டிவிட்டு வந்தோம். இவற்றில் எது தபாஸின் இயல்பு, எது அந்த உணவகத்தின் தவறு? இப்போது கேட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

செவில்லா_அக்கா எழுதியது:

தம்பி (வயதில் மூத்தவராக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்), நான் சில காலம் ஸ்பெயினின் செவில்லா நகரில் வசித்தவள் என்பதால் சொல்கிறேன். அங்கே எவரும் பதினான்கு தட்டுகளை ஒரே மூச்சில் கேட்பதில்லை. இரண்டு மூன்றைக் கேட்டு, சாப்பிட்டு, மறுபடி கேட்பார்கள், அல்லது எழுந்து அடுத்த கடைக்கே போய்விடுவார்கள். மேசையில் உட்காரவைத்து மொத்தமாக ஆர்டர் எடுக்கும் உணவகம், சமையலறையிலிருந்து இடைவெளிவிட்டு அனுப்பும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

குரோக்கெட்டாவைப் பற்றி அந்தப் பரிமாறியவர் சொன்னது இரண்டு வகையில் தவறு. ஸ்பெயினில் அதன் உள்ளீடு பெரும்பாலும் உருளைக்கிழங்கே அன்று. மைதாவைக் கொழுப்பில் வறுத்துப் பாலூற்றிக் கெட்டியாகக் கிளறி, ஆறவைத்து உருட்டி, முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரிப்பார்கள். அந்தப் பால் கலவையில் ஹாமோன் என்னும் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையைச் சேர்ப்பதுதான் மிகப் பரவலான வழக்கம். இறைச்சி இல்லாவிட்டாலும் முட்டை இருக்கும் என்பதால், உங்கள் அத்தைக்கு எப்படியும் அது ஆகாது. தக்காளி தேய்த்த ரொட்டியும், எண்ணெயில் வாட்டிய பத்ரோன் என்னும் சிறு பச்சை மிளகாயும், செவில்லாவின் கீரைக் கொண்டைக்கடலையும் நம் விரதத்துக்குப் பொருந்துபவை. கடைசியாகச் சொன்னதில் மட்டும் இறைச்சிச்சாறு சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்படிக்காரன் எழுதியது:

ஜோஹன்னஸ்பர்க்கில் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். இறாலில் நீர் நின்றதென்றால், உறைந்த இறாலை முழுதாக உருகவிடாமலும் துடைக்காமலும் சட்டியில் போட்டிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பூண்டுச் சீவலையும் காய்ந்த மிளகாயையும் ஆலிவ் எண்ணெயில் மெதுவாகச் சூடேற்றி, உலர்ந்த இறாலை ஓரிரு நிமிடம் மட்டும் போட்டு, மண்சட்டியோடு கொதிக்கக் கொதிக்க மேசைக்கு அனுப்ப வேண்டும். மொசாம்பிக் இறால் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கும் ஊரில் இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

பிராவாஸ் விஷயத்தில் மயோனைஸைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் பார்சலோனாப் பக்கம் பூண்டுச் சாந்தான அலியோலியையும் சேர்த்தே தருகிறார்கள். ஆனால் சிவப்புச் சாற்றுக்கு உயிரே பிமென்தோன் என்னும் மிளகாய்ப்பொடிதான். ஸ்பெயினின் லா வேரா பகுதியில் மிளகாயை ஓக் மரப் புகையில் உலர்த்தி அதை அரைக்கிறார்கள். பாட்டில் சாஸ் அதற்கு ஈடாகாது. அதேவேளை, ஸ்பானிய உணவு காரமானது அன்று. டர்பன் விக்டோரியா தெருச் சந்தை மசாலாவில் வளர்ந்த நம் நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும்; அதற்காக அவர்களைக் குறைகூற வேண்டாம். இங்குள்ள பல தபாஸ் கடைகள் எல்லாவற்றிலும் பெரி-பெரி என்னும் காரமான மிளகாய்ச் சாற்றை ஊற்றுவதும் நம்மை நம்பித்தான். அது மொசாம்பிக் வழியாக வந்த போர்த்துகீசிய வழக்கம், ஸ்பெயினுடையது அன்று.

பில்_பார்ப்பவர் எழுதியது:

ஐயா, சேவைக் கட்டணத்தைத் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, காட்டிய விலைக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. எட்டுப் பேர் என்று அச்சிட்டது அவர்களே. சேவை தரக்குறைவாக இருந்தால், குறையைச் சரிசெய்யவோ விலையில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ கோரும் உரிமையை 54-ஆம் பிரிவு தருகிறது. ருசி பிடிக்கவில்லை என்பதை அதில் சேர்க்காதீர்கள், வாதம் பலவீனப்பட்டுவிடும். கேட்ட பிறகும் இறைச்சியுள்ள பண்டத்தை இறைச்சியில்லாதது என்று சொல்லித் தந்ததையே முதலில் வையுங்கள். மேலாளருக்கு மின்னஞ்சலில் பில்லின் படத்தையும் மெனுவின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். உரிய பதில் கிடைக்காவிட்டால் நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகள் குறைகேள் அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடலோரத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அக்கா, நான் இளையவன்தான். சொன்னபடியே மின்னஞ்சல் அனுப்பினேன். சேவைக் கட்டணத்தை மறுநாளே அட்டைக்குத் திருப்பிவிட்டார்கள். குரோக்கெட்டாவுக்கு வருத்தம் தெரிவித்தார்களே தவிர, அந்தத் தட்டின் விலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதை மட்டும் குறிப்பிட்டு மீண்டும் எழுதியிருக்கிறேன்.