குமிழ் பெருசா இருந்தா ஆயுசு குறையுமா? பபிள் சார்ட் சந்தேகம்

அம்பை டீச்சர்:
ப்ளஸ் ஒன் பொருளியல் வகுப்புல கேப்மைண்டர் (உலக நாடுகளோட புள்ளிவிவரத்தைப் படமாக் காட்டுத இணையதளம்) சார்ட்டைக் காட்டினேன். கீழ்க்கோட்டுல தலைக்கு வருமானம், நெட்டுக்கோட்டுல சராசரி ஆயுள், குமிழோட அளவு மக்கள்தொகை, நிறம் கண்டம். வருமானம் கூடக்கூட ஆயுளும் கூடுதுன்னு பிள்ளைகள் டக்குன்னு சொல்லிட்டாங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தன், "டீச்சர், உச்சியில பூரா பொடிக் குமிழா இருக்கு. இந்தியா அம்புட்டுப் பெருசு, கீழதான நிக்கு? அப்ப ஜனம் கூடினா ஆயுசு குறையுமோ?"ன்னான். அப்படி இல்லன்னு தெரியும். சார்ட்டை வச்சே எப்படிக் காட்ட?

எக்ஸெல் தம்பி:
நீங்களே எக்ஸெல்ல வரைஞ்சா ஒண்ணு கவனிங்க டீச்சர். குமிழோட அளவு பரப்பா, அகலமான்னு கேக்கும். பரப்பு வைங்க. அகலம்னு வச்சா, ரெண்டு மடங்கு ஜனம் உள்ள நாடு நாலு மடங்காத் தெரியும்.

பாளை அண்ணாச்சி:
பையனைத் திட்டிறாதீங்க டீச்சர், நல்ல கேள்வி. பபிள் சார்ட்டுல ரெண்டு கோட்டுக்கும் உள்ள உறவைச் சொல்லுதது குமிழ் நிக்கிற இடம். மூணாவது எண்ணை அளவா வரைஞ்சா, கண்ணு ரெண்டு பெரிய குமிழைப் பாத்தே முடிவு கட்டிரும். மக்கள்தொகையைக் கீழ்க்கோட்டுக்குக் கொண்டாந்து, எல்லா நாட்டையும் ஒரே அளவுப் புள்ளியா வைக்கச் சொல்லுங்க. ஜப்பான் 12 கோடிப் பேரோட உச்சியில நிக்கும். நைஜீரியா 20 கோடிக்கு மேல, அடியில கிடக்கும். ஐஸ்லாந்துல 4 லட்சம் பேருதான், அதுவும் உச்சி. லெசோத்தோ சின்ன நாடு, அதுவும் அடி. ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல.

வருமானக் கோட்டையும் பாருங்க. மடக்கை அளவுகோல் அது. 1000, 2000, 4000ன்னு ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரே இடைவெளி. அதான் நேர்கோடு மாதிரி இருக்கு. சாதாரண அளவுகோலுக்கு மாத்தினா முதல்ல விறுவிறுன்னு ஏறி, அப்புறம் படுத்துரும். மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரெஸ்டன் 1975ல எழுதினது இந்த வளைவைத்தான். 'ஆயிரம் கூடினா ஆயுசு இத்தனை வருஷம் கூடும்'னு எவனாவது எழுதினா மார்க்கைக் குறைங்க.

பணம் கூடினதாலதான் ஆயுசு கூடிச்சுன்னும் விட்றாதீங்க. நம்ம திருநெல்வேலி ஜில்லாவையே எடுங்க (தூத்துக்குடி பிரியுததுக்கு, அதாவது 1986க்கு முந்தின ஜில்லாவைச் சொல்லுதேன், ஸ்ரீவைகுண்டமும் நம்மதுதான்). மழை கீழ்க்கோடு, நெல் விளைச்சல் நெட்டுக்கோடு, ஊருக்கு ஒரு குமிழ். மாஞ்சோலை மலையில இருக்க ஊத்து, நாலுமுக்குல கொட்டுத மழைக்கு அந்தக் குமிழ் வலது ஓரத்துக்கே போயிரும். ஆனா நெல்லு சுழி, அங்க இருக்கது தேயிலைக் காடு. ஸ்ரீவைகுண்டத்துல மழை சொற்பம், வயலோ பச்சப்பசேல்னு இருக்கும். அதுக்காக மழை பெஞ்சா நெல்லு வராதும்பீங்களா? மலையில விழுந்த தண்ணி அணையில தங்கி, ஆத்தோட வந்து, கால்வாய் வழியா வயலுக்குப் பாயுது. அந்தக் கால்வாய் சார்ட்டுல எந்தக் கோட்டுலயும் இல்ல. வருமானம், ஆயுசு சார்ட்டுலயும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத காரணம் இருக்கலாம்.

அம்பை டீச்சர்:
ஊத்து உதாரணம் பிள்ளைகளுக்குச் சட்டுன்னு பிடிபடும் அண்ணாச்சி. இன்னொண்ணு கேக்கேன். கேப்மைண்டர் சார்ட்டுல ஆப்பிரிக்கா நிறத்தை மட்டும் பாத்தா, வருமானத்தோட ஆயுளும் கூடுத அந்த ஏத்தம் ரொம்பத் தளர்ந்து தெரியுதே?

பாளை அண்ணாச்சி:
வருமானத்தோட வீச்சு (குறைஞ்சதுக்கும் கூடினதுக்கும் உள்ள தூரம்) சுருங்கினாலே உடன்தொடர்புக் கெழு (ரெண்டும் எம்புட்டு ஒட்டிப் போகுதுன்னு சொல்லுத எண்) இறங்கத்தான் செய்யும். போதாததுக்கு எக்குவடோரியல் கினியா மாதிரி நாடு வேற. எண்ணெய்க் காசுல வருமானம் மேல போயிட்டு, ஆயுசு கூடவே போகல. கெழுக் கணக்குல ஒவ்வொரு நாடும் ஒரு புள்ளிதான், குமிழ் பெருசுங்கதுக்காக மதிப்பு கூடாது. அந்த நாட்டைச் சேத்து ஒருக்கா, எடுத்துட்டு ஒருக்கா கெழுவைப் போடச் சொல்லுங்க. எம்புட்டு இழுக்குன்னு அவங்களே பாத்துக்கிடுவாங்க.