ராணுவப் பயிற்சிக்கு இன்னும் 10 வாரம்: பயத்தையும் குழப்பத்தையும் எப்படிச் சமாளிப்பது?

கடைசிவரிசை:
தேர்வாகிவிட்டேன். பயிற்சியில் சேர 10 வாரம் இருக்கிறது. பகலில் உற்சாகமாக இருக்கிறது, இரவில் தூக்கம் வருவதில்லை. ஓட்டத்தில் பின்தங்கிவிடுவேனோ, எல்லார் முன்னாலும் கத்தினால் உடைந்துபோவேனோ, உயரத்தில் கால் நடுங்குமோ, எல்லாவற்றுக்கும் மேல் இந்த முடிவே தப்போ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. "தைரியமா இரு" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. அண்ணன்களே, அக்காக்களே, செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள்.

நெடும்பாதை:
தம்பி, நீங்கள் எழுதியதில் நான்கு விஷயம் இருக்கிறது. ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் இரவில் இப்படிக் கனக்கிறது. ஓட்டம் உடம்பு செய்ய வேண்டிய வேலை. கத்தலும் உயரமும் பழகப் பழகக் குறைபவை. "முடிவே தப்போ" என்பதைப் பயக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இன்னும் பதில் கிடைக்காத கேள்வி, விசாரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

நான் ஓட்டத்தை மட்டும் சொல்கிறேன். 10 வாரம் போதும். ஆனால் முதல் வாரமே 5 கி.மீ. என்று இறங்கினால் கெட்டுப்போகும். வாரம் 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி 8 முறை. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச வர வேண்டும். வரவில்லை என்றால் வேகம் அதிகம். பிறகு ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, நடையைக் குறைத்து, 6ஆம் வாரத்தில் நிற்காமல் 20 நிமிடம் வந்தால் சரி. வேகப் பயிற்சி அதற்குப் பிறகுதான், அதுவும் வாரம் ஒரு நாள். 4ஆவது, 8ஆவது வாரங்களில் தூரத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு நிதானம் என்றால், மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும், எலும்பு தேறாது. புதிய சுமை விழுந்ததும் உடம்பு பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். அந்த இடைவெளியில், ஏறக்குறைய 3, 4ஆம் வாரத்தில், எலும்பு சற்றுப் பலவீனமாக இருக்கும். "இப்போ நல்லா வருதே" என்று ஆட்கள் தூரத்தை இரட்டிப்பாக்குவதும் அதே வாரத்தில்தான். பயிற்சியில் பலர் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் பயமல்ல, காலில் விழும் மயிரிழை முறிவு.

தண்டாலுக்கு ஒரு எளிய கணக்கு: உங்களால் அதிகபட்சம் 20 முடியும் என்றால், 10 வீதம் ஒரு நாளில் 4, 5 தடவை பிரித்துப் போடுங்கள். களைத்து விழும்வரை போகாதீர்கள். இடுப்பு தொய்ய ஆரம்பித்த அந்தத் தண்டாலோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போடுவதைத் தேர்வில் எண்ண மாட்டார்கள்.

பூட்ஸ் கையில் கிடைத்தால் அரை மணி நேர நடையில் பழக்குங்கள், அதில் ஓட வேண்டாம். பாதத்தில் ஓர் இடம் மட்டும் சுருசுருவெனச் சூடேறினால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பெரிய பயனில்லை.

அமைதிமணி:
கத்தலைப் பற்றி. பயிற்றுநருக்கு உங்கள் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. சத்தத்துக்கும் அவசரத்துக்கும் நடுவிலும் காதில் விழுந்ததைச் சரியாகச் செய்கிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார். டிரில் (அணிவகுப்பு) கட்டளையைக் கவனித்துக் கேளுங்கள், அது பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும். முதல் துண்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், இழுத்து வரும். இரண்டாவது, எப்போது என்று சொல்லும், சுருக்கென வெட்டி வரும். பதற்றத்தில் இருப்பவர் முதல் துண்டிலேயே காலைத் தூக்கிவிடுவார், வசவு அங்கேதான் விழும். கட்டளைகளை வீட்டிலேயே பதிவு செய்து கேட்டு, இரண்டாவது துண்டுக்கு மட்டும் அசையப் பழகுங்கள். திட்டு வாங்கினால் மூச்சை வெளியே விட்டு, ஒரே சொல்லில் பதில் சொல்லி, தவறைத் திருத்துங்கள். விளக்கம் சொல்லப் போனால்தான் நீளும்.

மூச்சுப் பயிற்சி: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். தினம் 5 நிமிடம், முதலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு வாரம் கழித்து ஓட்டம் முடிந்த உடனே. அமைதியில் மட்டும் பழகிய மூச்சு அவசரத்தில் நினைவுக்கே வராது.

உயரத்துக்குப் படிப்படியாகப் போங்கள். பயத்துக்கு 10க்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். 4 வருகிற உயரத்தில் ஆரம்பித்து, அது 2 ஆகும்வரை அங்கேயே நில்லுங்கள். உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால், "தப்பித்ததால்தான் பிழைத்தோம்" என்று மூளை கற்றுக்கொள்ளும், அடுத்த முறை பயம் கூடும்.

நீச்சல் பயம் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: தனியாகத் தண்ணீருக்குள் மூச்சடக்கிப் பழகவே கூடாது. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். இப்படி நன்றாக நீந்துபவர்களே இறந்திருக்கிறார்கள்.

தூங்கி எழும் நேரத்தை 2, 3 நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். காபி, டீ அதிகம் என்றால் இப்போதே குறையுங்கள். திடீரென நின்றால் ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பித்து ஒரு வாரம்கூட இழுக்கும். முதல் வாரப் பயிற்சியோடு அது சேர்ந்துகொண்டால், "நான் இதற்கு லாயக்கில்லை" என்று தோன்றும். காபி இல்லாத தலைவலி என்று அப்போது புரியாது.

எழுத்தில்கேள்:
"முடிவே தப்போ" என்பதற்கு வருகிறேன். ஒரு தாளில் இவற்றை எழுதி, ஆட்சேர்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள். எத்தனை ஆண்டு ஒப்பந்தம், பயிற்சிக்காலம் அதில் சேருமா? பணி முடிந்த பின் ரிசர்வ் கடமை, அதாவது தேவைப்பட்டால் திரும்ப அழைக்கப்படும் கடமை, உண்டா? எந்த நாள் வரை விலகலாம், அதற்குப் பிறகு விலகினால் என்ன ஆகும்? பயிற்சியில் அடிபட்டால் சிகிச்சை, சம்பளம், இடம் என்ன ஆகும்? கேட்ட பிரிவு கிடைக்கும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா, வாய்வார்த்தையா? தாளில் இல்லாததைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்யுங்கள்.

ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு, மனநலச் சிகிச்சை, சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். பிறகு தெரிந்தால் பணிநீக்கம் வரை போகலாம். அதைவிட, ஆஸ்துமாவை மறைத்து ஓடுவது உயிருக்கே ஆபத்து.

கொல்வதையும் சாவதையும் பற்றிய கேள்வி உள்ளே இருந்தால் அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்காதீர்கள், கையெழுத்துக்கு முன் அதற்கு நேரம் கொடுங்கள். மருத்துவம், சிக்னல் (தகவல் தொடர்பு) என்று எந்தப் பிரிவானாலும் அடிப்படைப் பயிற்சியில் பெரும்பாலும் துப்பாக்கி உண்டு. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் காயமடைந்தவர்களையும் கைதிகளையும் பாதுகாக்கின்றன. வெளிப்படையாகச் சட்டவிரோதமான கட்டளைக்கு, "மேலிடம் சொன்னது" என்ற பதில் செல்லாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், சேராமல் இருப்பதும் ஒரு நேர்மையான பதில்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இறங்கவில்லை, நெஞ்சு படபடத்து மூச்சடைக்கிறது, செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறது என்றால் சேரும் தேதியை மறந்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசிவரிசை:
எல்லாருக்கும் நன்றி. இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம்: ஓடும்போது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலித்தால், ஓடலாமா நிறுத்தணுமா?

நெடும்பாதை:
கட்டைவிரலால் அந்த எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் அநேகமாகச் சுமை கூடிய வலி. ஓட்டத்தைப் பாதியாக்கி, ஒரு வாரம் சைக்கிள் அல்லது நீச்சலில் ஈடுகட்டுங்கள். ஒரே புள்ளியில் விரல் பட்டதும் சுரீரென்று குத்தினால், அல்லது சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே சரியாக இருக்கிறது" என்றாலும் வலி அதே புள்ளியில் இருந்தால், ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.